பேப்பரின் பின்பக்கத்தில் இருக்கிற ரவுண்

பழைய பேப்பர்களில் மட்டக்களப்பைத் தேடினால் முதலில் வருவது தண்ணீரும் காற்றும்தான். 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் சுனாமி. அதற்கடுத்து அரசியல்: 1956 கல்லோயாக் கலவரம், 1961 சத்தியாக்கிரகம், 1983 செப்டம்பர் சிறையுடைப்பு. இவற்றை மட்டும் வைத்து ஒருவர் எங்கள் ஊரின் சரித்திரத்தை எழுதினால், இங்குள்ள சனம் ஒன்றில் நீந்திக்கொண்டிருந்தது, இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் முடியும். இடையில் கிடந்த சாதாரண வருடங்களில் யார் எந்தக் கடையில் சேலை எடுத்தார்கள், சைக்கிளுக்கு எங்கே ஒட்டுப் போட்டார்கள், எங்கள் ரவுண் (டவுன்) இருக்கும் புளியந்தீவில் காணி வாங்கினவர் எந்த ஊர்க்காரர் என்பதற்கெல்லாம் தலைப்புச் செய்தியில் இடமில்லை.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பேப்பர் எங்களூரில் அச்சாகவில்லை, அவ்வளவுதான். வீரகேசரி 1930 ஆகஸ்டில் கொழும்பில் தொடங்கியது. தினகரன் 1932இல், அதுவும் கொழும்பு. ஈழகேசரி 1930, ஈழநாடு 1959, இரண்டும் யாழ்ப்பாணம். 2000களின் தொடக்கத்தில் தினக்கதிர் என்று ஒரு நாளிதழ் மட்டக்களப்பிலிருந்தே வந்தது. மற்றப்படி எங்களுக்கு வாய்த்தது நிருபர்தான். அடைப்புக்குறிக்குள் ‘மட்டக்களப்பு நிருபர்’ என்று போடுவார்கள், பெரும்பாலும் பெயர்கூட இருக்காது. அவர் அனுப்பியதில் எதற்கு நாலு அங்குலம், எது குப்பைக் கூடைக்கு என்பதைக் கொழும்பில் ஒரு மேசையில் இருந்தவர் தீர்மானித்தார். அந்த மேசைக்கு மட்டக்களப்பு என்றால் வெள்ளம், நெல், பாடும் மீன்.

பாடும் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் கேட்கும் அந்தச் சத்தத்தை அருட்தந்தை லாங் 1960இல் இலங்கை வானொலி மூலம் நாட்டுக்கே கேட்கவைத்தார். நல்ல விஷயம். ஆனால் அதற்குப் பிறகு வெளியூரிலிருந்து வந்த எழுத்துக்காரர் எல்லாரும் பாலத்தில் நின்று கீழேதான் பார்த்தார்கள். பாலத்துக்கு மேலே, 1924இல் லேடி மானிங் பெயரில் திறந்த அந்த ஒடுங்கின இரும்புப் பாலத்தில், எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியும்வரை வெயிலில் காத்து நின்ற சனத்தைப் பற்றி எழுத ஆளில்லை. 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை, கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம், கல்லடிக்கும் ரவுணுக்கும் இடையில் நடந்த பெரிய வேலையே அந்தக் காத்திருப்புத்தான்.

ஓரளவு வாசித்தபின் நான் செய்திப் பக்கங்களைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன். அதற்குத் துணிவு தந்தவர், ஒரு காலத்தில் ரவுணில் பேப்பர் விற்ற பெரியவர் ஒருவர். எந்தத் தலைப்புகள் அந்தக் காலத்தில் நன்றாக விற்றன என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். “மகள், நீங்க தலைப்பப் பாக்கிறீங்க. சனம் பேப்பரப் பின்னுக்கிருந்துதான் வாசிக்கும். முதல்ல செத்த வீடு, பிறகு படம் எங்க ஓடுது எண்டு. அரசியலெல்லாம் சோறு திண்டாப் பிறகு.”

அவர் சொன்னதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. செய்தியை எழுதியது கொழும்பு. அறிவித்தல்களையும் சின்ன விளம்பரங்களையும் எழுதியது எங்கள் ஆட்கள், அதுவும் காசு கொடுத்து. காசு கொடுத்து எழுதுகிறவர் வீண் சொல் எழுதமாட்டார். தன் ஊர்க்காரருக்கு விளங்கினால் போதும் என்று எழுதுவார். ஆகவே ஊரின் சொந்தக் குரல் கேட்க வேண்டுமென்றால் மூன்றாம் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் பேப்பர் இங்கே வந்து சேர்ந்த வழி. 1928இல்தான் ரயில் மட்டக்களப்புக்கு வந்தது: மாகோ, கல்ஓயாச் சந்தி, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று. அதற்கு முன் கொழும்பு போவதென்றால் ஒன்றில் பதுளை வீதியால் மலையேற வேண்டும், இல்லாவிட்டால் தீவைச் சுற்றி ஓடின லேடி ஹெவ்லொக், லேடி கோர்டன் போன்ற கரையோரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். தமிழ் நாளிதழ் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால் தண்டவாளம் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். இரவு மெயிலில் ஏற்றினால் காலையில் இங்கே இருக்கும். மாரியில் பாதையை வெள்ளம் அறுத்தால் சுணங்கும், சில நேரம் இரண்டு மூன்று நாள் பேப்பர் ஒன்றாக வரும். பிறகு யுத்தம் ரயிலையே நிறுத்தியது. 2003இல்தான் அது மறுபடி மட்டக்களப்பு வரை வந்தது.

இன்றைக்கு வாசிப்பவருக்கு அந்தச் சுணக்கம் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஸ்கேன் செய்து இலவசமாகக் கிடக்கின்றன. இல்லாததும் நிறைய. 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. அதோடு போனவை யாழ்ப்பாணத்தின் இதழ்கள் மட்டுமில்லை, எங்களூரைப் பற்றி அதில் இருந்தவையும்தான்.

சரி, மரண அறிவித்தலுக்கு வருவோம். அதற்கு ஒரு அச்சு இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும். பூதவுடல் கள்ளியங்காடு மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும். உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும். வாசித்துப் பழகினால் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிறப்பிடம், வதிவிடம் இரண்டையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒரு விஷயம் தலைதூக்கும். ஆண்களுக்கு அந்த இரண்டும் அடிக்கடி வேறு வேறு ஊர். பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஊர்.

மட்டக்களப்பாருக்கு இதில் ஆச்சரியமில்லை. இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். தாய்வழியில் சொத்துப் போன, இந்தக் கரையின் முக்குவர் சமூகத்துச் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு ஏட்டிலிருந்து போய்விட்டது. வழக்கம் போகவில்லை. தாய் இருந்த வீடு மூத்த மகளுக்கு, பக்கத்து வளவில் கட்டின வீடு இளையவளுக்கு. அதனால் ஆரையம்பதியில் பிறந்தவர் கல்லடியில் செத்தார், கல்லாற்றில் பிறந்தவர் புளியந்தீவில் செத்தார். அவர்களுடைய மனைவிமார் பிறந்த வளவிலேயே கண்ணை மூடினார்கள். மானிடவியல்காரர்கள் வந்து வருடக்கணக்காகத் தங்கி எழுதின இந்தச் சங்கதி, மரண அறிவித்தலில் இரண்டு சொல்லில் கிடக்கிறது. ஊர்கள் ஒன்றுக்கொன்று எப்படிப் பெண் கொடுத்தன, எந்தத் தலைமுறையில் ரவுணுக்குள் வெளியூர் மாப்பிள்ளைகள் கூடினார்கள் என்பதைக் கணக்குப் போட யாராவது பொறுமையுள்ள மாணவர் இருந்தால், தரவு தயாராக இருக்கிறது.

பெயருக்கு முன்னால் வருகிற பட்டங்களும் அப்படித்தான். ஓய்வுபெற்ற ஓவசியர், முன்னாள் தபாலதிபர், கச்சேரி லிகிதர் (மாவட்ட அரசாங்க அலுவலகத்து எழுத்தர்), நொத்தாரிசு, தலைமையாசிரியர், போடியார் (நிறைய வயலுள்ள நிலவுடைமையாளர்). கடை வைத்திருந்த எல்லாருமே ‘பிரபல வர்த்தகர்’. பிரபலமில்லாத வர்த்தகர் ஒருவர்கூட மட்டக்களப்பில் செத்ததாகத் தெரியவில்லை. இந்தப் பட்டங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அந்தக் காலத்து ரவுண் யாரால் ஓடியது என்று ஒரு படம் வரும்: கச்சேரியும் பள்ளிக்கூடமும் ஒரு பக்கம், நெல்லும் துணியும் மறுபக்கம். வில்லியம் ஓல்ட் 1814இல் தொடங்கின மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இன் புனித மிக்கேல் கல்லூரியும், 1929இல் கல்லடி உப்போடையில் வந்த சிவானந்த வித்தியாலயமும் பிள்ளைகளை லிகிதராக்கி அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த லிகிதர்கள்தான் முப்பது நாற்பது வருடம் கழித்து இந்தப் பத்திகளில் வந்து நிற்கிறார்கள்.

நடுவில் ரொசைரோ, அண்ட்ராடோ மாதிரிப் பெயர்கள் வரும். எங்கள் பறங்கியர், ஐரோப்பியர் வழிவந்தவர்கள். வீட்டுக்குள் போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்தைப் பேசிக்கொண்டு, வெளியே எங்களைவிடச் சுத்தமான மட்டக்களப்புத் தமிழ் பேசின தச்சர்களும் கொல்லர்களும் தையல் மெசின் திருத்துகிறவர்களும். கொழும்புப் பறங்கியரில் பலர் 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்குள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த வசதி இருக்கவில்லை, அதனால் இருந்தார்கள்.

எண்பதுகளுக்குப் பின் அறிவித்தலின் வால் நீளத் தொடங்குகிறது. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் சுவிஸ், லண்டன், கனடா. அதே காலத்தில் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிகளில் படத்திலிருக்கும் முகங்களின் வயது இறங்குகிறது. இதற்கு மேல் விளக்கம் எழுத எனக்கு விருப்பமில்லை.

அடுத்து எனக்குப் பிடித்தது காணி அறிவித்தல்கள். மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்துப் பிரிவிடல் வழக்குகள், அற்றோனித் தத்துவத்தை (ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரத்தை) இரத்துச் செய்கிற அறிவித்தல்கள், ஏல விற்பனைகள். வடக்கே ஒழுங்கை, கிழக்கே வாவி, தெற்கே இன்னாரின் வளவு, மேற்கே தெரு. உள்ளே கல்வீடு, கிணறு, நிற்கும் தென்னைகள் உட்பட. பேர்ச் என்ற காணி அளவுக் கணக்கெல்லாம் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தினால் திருமலை வீதியும் மத்திய வீதியும் பார் வீதியும் லொயிட்ஸ் அவெனியூவும் வளவு வளவாக எழும்பி வரும். இன்று வங்கிக் கட்டடம் நிற்கிற இடத்தில் ஓலை வேலி இருந்திருக்கிறது. ‘கிழக்கே வாவி’ என்று எழுதின காணிக்கும் வாவிக்கும் நடுவில் இப்போது ஒரு வீதியும் ஒரு வரிசை வீடும் நிற்கிறதென்றால் வாவியை யாரோ நிரப்பியிருக்கிறார்கள். யார், எப்போது என்பதைச் செய்தியில் தேடிப் பயனில்லை. ஐம்பது வருட இடைவெளியில் வந்த இரண்டு எல்லை விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

கச்சேரி அறிவித்தல்கள் தனி ரகம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டைக்குள் இருந்துகொண்டு அரசாங்க அதிபர் ஊர் முழுவதையும் ஏலம் போட்டார்: சாராயத் தவறணை, பாலம் திருத்தக் கேள்விப்பத்திரம், கைவிடப்பட்ட பொருட்கள். 1961 மாசியில் தமிழரசுக் கட்சி மறியல் செய்ததும் இதே கச்சேரி வாசலில்தான். அந்தப் படங்கள் முதல் பக்கத்தில் இருக்கின்றன. முன்னும் பின்னும் உள்ள வருடங்களில் அதே வாசலுக்குச் சனம் எதற்கெல்லாம் போனது என்று தெரிந்தால்தான், அதை மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். கச்சேரி மூடினால் வயல் காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. அதே 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமானது. அதற்கு முந்தின பேப்பரில் கல்முனையும் அக்கரைப்பற்றும் திருக்கோவிலும் விபுலாநந்த அடிகளின் காரைதீவும் மட்டக்களப்புச் செய்திதான். தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்றைய எல்லையை வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும்.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1942இல் பர்மா அரிசி நின்றதும் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. அதே வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் கரைக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் தாழ்த்தின. முந்நூறுக்கு மேல் சாவு. உலக சரித்திரத்தில் மட்டக்களப்பின் பெயர் அதில்தான் வருகிறது. ஊருக்குள் அதைவிட நீளமாக வாழ்ந்தது கூப்பன். சங்கக்கடை, கொத்துக் கணக்கு, அரசாங்கம் கொள்வனவு செய்கிற நெல். எழுபதுகளில் பாணுக்கு வரிசை, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மூட்டை மூட்டையாக நெல் விளையும் மாவட்டத்தில், கொழும்பில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பை அரிசி கொடுத்தனுப்பப் பயந்த காலம் அது. அம்மம்மா அரிசியைத் தலையணை உறைக்குள் தைத்து அனுப்பினதாக எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அதே கதை இருக்கிறது.

பேப்பரில் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிற ஒரே பாத்திரம் தெருவில் அலையும் கட்டாக்காலி மாடு. நகரசபைக் காலத்திலும் வந்தது. 1967இல் மாநகரசபையான பிறகும் வந்தது. ஆசிரியருக்குக் கடிதம், சபையின் எச்சரிக்கை, பிடித்து அடைத்த மாடுகளுக்குத் தண்டப்பணம், பிறகு அமைதி, அடுத்த மாரியில் மறுபடி கடிதம். ஆளுங்கட்சி மாறியது, நாட்டின் பெயரே 1972இல் மாறியது, மாடு அசையவில்லை. போன கிழமைகூடத் திருமலை வீதியில் ஒரு வங்கி வாசலில் ஒன்று படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னோர் உண்டு, பத்திரிகை ஆதாரத்தோடு.

நிருபரைப் பற்றி மேலே கொஞ்சம் இளப்பமாக எழுதிவிட்டதுபோல் தெரிகிறது. அது மேசையைப் பற்றியது, ஆளைப் பற்றியது இல்லை. ஐயாத்துரை நடேசன், நெல்லை நடேசன் என்று வாசகர்கள் அறிந்தவர், நீண்ட காலம் வீரகேசரிக்காக மட்டக்களப்பிலிருந்து எழுதினார். 2004 மே 31ஆம் திகதி காலையில் வேலைக்குப் போகும் வழியில் ரவுணுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் மட்டக்களப்பில் பிறந்த பத்திரிகையாளர் தராக்கி சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். நாலு அங்குலச் செய்திக்கு இந்த ஊரில் கொடுத்த விலை அது. அந்த வருடங்களில் சில செய்திகள் ஏன் மூன்று வரியோடு முடிகின்றன என்பது இங்கே இருந்த யாருக்கும் தெரியும்.

அறிவித்தல்களை நம்பி எழுதும் சரித்திரத்துக்கும் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. காசுள்ளவருடைய சாவுதான் பேப்பரில் வரும். நாவலடி மீன்பிடிகாரரும், வாவியில் இறால் பிடித்துத் தலையில் சுமந்து விற்ற பெண்களும், சலவைத் தொழிலாளரும் வருவதில்லை. மாநகரசபைச் சுகாதாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நாளில் மட்டும் வருவார்கள், அதுவும் குப்பை அள்ளப்படவில்லை என்ற வாக்கியத்தில். காத்தான்குடி நெசவுக்காரரின் துணி விளம்பரத்தில் இருக்கும், நெய்தவர் இருக்கமாட்டார். பெண்களுக்கோ உயிரோடு இருக்கும்வரை ‘திருமதி’யோடு கணவன் பெயர்தான், சொந்தப் பெயர் அச்சில் வருவது பெரும்பாலும் செத்த அன்றைக்கு.

இப்போது நான் 1966க்கும் 1971க்கும் இடையில் நிற்கிறேன். அந்த வருடங்களில் இலங்கையில் ஞாயிறு லீவு இல்லை. நிலவின் நாலு பிறைக்கட்டங்களையும் பார்த்து போயா நாள் விடுமுறை, அதற்கு முந்தின நாள் அரைநாள். நிலவு காலண்டருக்குக் கட்டுப்படாததால் சில கிழமைக்கு ஆறு நாள், சில கிழமைக்கு எட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் நடந்தது, கச்சேரி திறந்தது. புளியந்தீவு மாதிரி ஒரு இடத்தில், பேராலயமும் மெதடிஸ்த கோயிலும் சிவன் கோயிலும் பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற இடத்தில், இது வீட்டுக்கு வீடு என்ன செய்திருக்கும்? ஞாயிறு பூசை விடியப்புறத்துக்குப் போனதா, கலியாணங்களுக்கு நாள் வைத்தவர்கள் நல்ல நேரத்தைப் பார்த்தார்களா போயாவைப் பார்த்தார்களா, உதைபந்தாட்டப் போட்டிகள் எந்த நாளுக்கு மாறின? எல்லாம் சின்ன அறிவித்தல்களில்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், சேர்த்து வைத்தவர்கள் அரசியல் பக்கத்தை வெட்டி வைத்துவிட்டு அந்தப் பக்கங்களைத்தான் கடலைக்காரருக்குப் போட்டிருக்கிறார்கள்.

1978 டிசம்பரும் அப்படி. நவம்பர் 23 இரவுக் காற்று தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிரை எடுத்ததும், மாவட்டத்துத் தென்னையில் பெரும்பகுதி விழுந்ததும் எல்லாரும் எழுதின விஷயம். அடுத்த மாதம் கூரைத் தகடு எங்கே கிடைத்தது, எந்தக் கடை முதலில் திறந்தது, தள்ளிப்போன கலியாணங்கள் எந்தத் திகதிக்கு வந்தன என்பது கடைசிப் பக்கத்துச் சமாச்சாரம். அந்த மாதத்து இதழ்கள் யாருடைய பரணிலாவது கிடந்தால், கொடுத்துவிட வேண்டியதில்லை; ஒரு பின்னேரம் படம் எடுக்க விட்டால் போதும். பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, விளம்பரப் பக்கம் இருந்தால் சரி.